‘சும்மா ஒரு எட்டு’ வந்தவர் கிளம்பும் நாள்: ஓர் ஆய்வு

திருக்குறளின் ஒன்பதாவது அதிகாரம் விருந்தோம்பல். பத்துக் குறளும் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொல்லப்பட்டவை. முகம் கோணாதே, வந்தவரை வெளியே வைத்துவிட்டுத் தனியாகச் சாப்பிடாதே, போகிறவரை அனுப்பிவிட்டு அடுத்து வருகிறவருக்காகக் காத்திரு என்று கட்டளைகள் மளமளவென்று வருகின்றன. வந்தவர் ஈரத்துண்டை எங்கே காயப்போட வேண்டும் என்பது பற்றி அந்த அதிகாரத்தில் ஒரு சொல் இல்லை. குளியலறைக்குள் எவ்வளவு நேரம் இருக்கலாம், அடுத்தவர் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுத் தன்னுடையதைச் செருகலாமா, ‘ரெண்டு நாள்’ என்றால் எத்தனை நாள் என்பவற்றுக்கும் விடை இல்லை. முகம் மாறிப் பார்த்தாலே விருந்தினர் அனிச்சப்பூவைவிட வேகமாக வாடிவிடுவார் என்று வள்ளுவர் கடைசிக் குறளில் கவலைப்படுகிறார். அவர் வீட்டுக்கு வந்துபோனவர்கள் அப்படி இருந்திருக்கலாம். இன்றைக்கு வருகிறவர்கள் குரோட்டன்ஸ் வகை. எப்படிப் பார்த்தாலும் வாடுவதில்லை. வள்ளுவர் விட்ட இந்த இடைவெளியை அடைக்கும் எளிய முயற்சியே இக்கட்டுரை.

ஆய்வு எல்லையை முதலிலேயே வகுத்துக்கொள்வது நல்லது. லாட்ஜில் அறை எடுத்துத் தங்கி, சாப்பாட்டு வேளைக்கு மட்டும் எட்டிப்பார்ப்பவர்கள் இதில் வரமாட்டார்கள். அவர்கள் உத்தமர்கள், உத்தமர்களைப் பற்றி ஆராய ஒன்றுமில்லை. சம்பந்தி வீட்டார் தனி இயலாக எழுதப்பட வேண்டியவர்கள். அதற்கான துணிவு எனக்கு இல்லை. மாமியார் விருந்தாளியா வீட்டுக்காரரா என்பது ஒவ்வொரு வீட்டிலும் நிலுவையில் உள்ள வழக்கு. அதில் கருத்துச் சொல்வது முறையாகாது. எஞ்சுவது ஒரே வகை. தென்மாவட்டத்து ஊரிலிருந்து சென்னைப் புறநகரின் இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டுக்கு, கல்யாணத்துக்கோ, கண் ஆபரேஷனுக்கோ, எதற்குமே இல்லாமலோ வந்து இறங்கும் உறவினர். ஆய்வு வசதிக்காக இவரைப் பெரியப்பா என்று அழைப்போம். இது எந்தத் தனிப்பட்ட பெரியப்பாவையும் குறிப்பதல்ல. என் பெரியப்பாக்களில் எவரேனும் இதைப் படிக்க நேர்ந்தால் முந்தைய வாக்கியத்தை இன்னொரு முறை படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் இடம். இத்துறையின் மூலச் சான்று திருக்கோவலூரில் கிடைக்கிறது. மழை கொட்டிய ஓர் இரவில் பொய்கையாழ்வார் ஓர் இடைகழியில் ஒதுங்கிப் படுத்திருந்தார். பூதத்தாழ்வார் வந்து இடம் கேட்டார். ஒருவர் படுக்கிற இடத்தில் இருவர் உட்காரலாம் என்று உட்கார்ந்துகொண்டார்கள். பேயாழ்வாரும் வந்தார். இருவர் உட்காருகிற இடத்தில் மூவர் நிற்கலாம் என்று எழுந்து நின்றார்கள். நான்காவதாக ஒருவர் நெருக்கிக்கொண்டு நுழைந்தார். விளக்கேற்றிப் பார்த்தால் பெருமாள். வைணவ மரபில் இது முதல் மூன்று திருவந்தாதிகளும் பிறந்த கதை. ஆய்வாளர் கண்ணுக்கு இது ஒரு கொள்ளளவுச் சூத்திரம். இடம் பெருகாது, உள்ளே இருப்பவர்கள்தான் சுருங்குவார்கள். முதலில் நிம்மதியாகப் படுத்திருந்தவரே கடைசியில் நின்றுகொண்டிருக்கிறார் என்பதையும் கவனிக்க வேண்டும். பெரியப்பாவும் பெரியம்மாவும் வந்த இரவில் வீட்டுக்காரர் கட்டிலிலிருந்து சோபாவுக்கு, சோபாவிலிருந்த மகன் ஹால் தரைக்கு, பொதுத்தேர்வுக்குப் படிக்கும் மகள் அடுக்களை ஸ்டூலுக்கு என்று ஆளாளுக்கு ஒரு படி இறங்குவது இதே சூத்திரப்படிதான். ஒரே வேறுபாடு, திருக்கோவலூரில் நான்காவதாக வந்தவர் விடிவதற்குள் வந்த வேலையை முடித்துக்கொண்டார்.

நம் முன்னோர் இந்தச் சிக்கலைக் கொத்தனாரை வைத்தே தீர்த்திருந்தார்கள். வழிப்போக்கருக்குத் திண்ணை. நிழல் உண்டு, தண்ணீர் உண்டு, நேரம் பார்த்து வந்தால் சோறும் உண்டு; ஆனால் கதவு உள்ளே. செட்டிநாட்டு வீட்டில் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று ஆழம் கூடிக்கொண்டே போகும். யார் எந்தக் கட்டு வரை வரலாம் என்பதை யாரும் வாய்திறந்து சொல்ல வேண்டியதில்லை. உறவின் கனத்தை நிலைப்படி சொல்லிவிடும். ஃபிளாட் வந்து இதை எல்லாம் தரைமட்டம் ஆக்கிவிட்டது. வாசல் கதவைத் திறந்தால் சோபா, நாலடி வைத்தால் அடுக்களை, இன்னும் நாலடி வைத்தால் துணி பீரோ. பெரியப்பா செருப்பைக் கழற்றிய கையோடு அடுப்பு வரை நடந்து, மூடியைத் திறந்து, “என்ன தாயி, சாம்பாரா?” என்று கேட்பது அத்துமீறல் அல்ல. அவரைத் தடுத்து நிறுத்த வழியில் ஒரு நிலைப்படிகூட இல்லை.

அடுத்தது காலம். இங்கேதான் ஆய்வு சூடுபிடிக்கிறது. நெல்லை எக்ஸ்பிரஸிலோ பொதிகையிலோ வந்து விடிகாலையில் தாம்பரத்தில் இறங்கும் பெரியப்பா, வாசலில் நின்று சொல்லும் முதல் வாக்கியம் எல்லாப் பெரியப்பாக்களுக்கும் பொது: “சும்மா ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்.” இந்த ஒரு எட்டின் நீளம் எவ்வளவு என்று வாயைக் கேட்டுப் பயனில்லை. பையைக் கேட்க வேண்டும். கைப்பை ஒன்று என்றால் கவலையில்லை. கைப்பையோடு ஒரு ஜிப் பையும், வாயைக் கயிற்றால் கட்டிய ஒரு கட்டைப்பையும் வந்தால் நிலைமை தீவிரம். ஆனால் இவற்றையெல்லாம்விட நம்பகமான சான்று மாத்திரை. முதல் நாள் சாப்பாட்டுக்கு முன் அவர் மாத்திரை டப்பாவைத் திறக்கும்போது, எட்டி நின்று ஒரு பார்வை பார்த்தால் போதும். நாலைந்து மாத்திரையைக் கத்தரித்துக் கொண்டுவந்திருந்தால் அவர் சொன்னது உண்மை. பிரிக்காத பதினைந்து மாத்திரை ஸ்ட்ரிப் இருந்தால், சொன்னது மரியாதைக்கு.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்ற பழமொழியை இந்த இடத்தில் எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். அப்பழமொழி பிரஷர், சர்க்கரை மாத்திரைகளுக்கு முற்பட்டது. காய்ச்சலுக்குக் கஷாயம் குடித்து மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்த காலம் அது. இன்று மருந்து ஆயுளுக்கும் என்று ஆகிவிட்டது. பழமொழியின் ஒரு பாதி காலாவதியானபின் மறு பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குவது நியாயமல்ல என்று பெரியப்பாக்கள் தரப்பில் வாதிடலாம்.

கொண்டுவரும் பண்டத்துக்கும் தங்கும் நாளுக்கும் தொடர்பு உண்டா என்பதும் பார்க்கத்தக்கது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020இல். மணப்பாறை முறுக்குக்கு 2023இல். பண்டம் எந்த ஊருக்கு உரியது என்று அரசே எழுதிக்கொடுத்துவிட்டது. பண்டத்தைக் கொண்டுவருகிறவர் எந்த ஊருக்கு உரியவர் என்று எழுதிக்கொடுக்க ஒரு பதிவாளரும் இல்லை. நான் பார்த்தவரை, பால்கோவா சீக்கிரம் கெட்டுவிடும் என்பதால் முதல் நாளே பங்குபோட்டுத் தின்று தீர்க்கப்படுகிறது. கடலைமிட்டாய் அப்படியல்ல, பெரியப்பாவே தினமும் சாயங்காலம் டப்பாவைத் திறந்து ஒன்றிரண்டாகக் காலி செய்கிறார். ஊரிலிருந்து அவருடைய நொறுக்குத்தீனியை அவரே எடுத்துவருகிறார் என்பதே சரியான விளக்கம்.

திரும்பும் டிக்கெட்டைப் பற்றிச் சொல்லாமல் காலத்தைப் பற்றிப் பேச முடியாது. ரயில்வேயில் முன்பதிவு 120 நாளுக்கு முன்பே செய்ய முடிந்தது. 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாளாகக் குறைக்கப்பட்டது. ஒரு எட்டு வருகிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான், ஏனென்றால் அவர்கள் வருவதற்கு மட்டுமே பதிவு செய்கிறார்கள். போவதற்கு “பாத்துக்கலாம்.” பார்த்துக்கொள்கிறவர் வீட்டுக்காரர். மூன்றாம் நாள் இரவில் அவர் தன் செல்போனில் வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட் ஒன்றைப் போடுகிறார். அன்றிலிருந்து அவர் வாழ்க்கை பத்து இலக்க பி.என்.ஆர். எண்ணுக்குள் போய்விடுகிறது. மனைவி பிறந்தநாள் மறந்துபோகும். வெயிட்டிங் லிஸ்ட் 34லிருந்து 27க்கு இறங்கியது மறக்காது. அதுவும் கைவிட்டால் தட்கல். பயணத்துக்கு முந்தைய நாள், ஏசிக்குக் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. அலுவலகக் கூட்டத்தில் உட்கார்ந்துகொண்டு மேசைக்கு அடியில் 10:59க்கு விரலைத் தயாராக வைத்திருக்கும் ஒருவரைப் பார்த்தால், அவர் வீட்டில் ஆள் வந்திருக்கிறது என்று கொள்ளலாம். அன்று சாயங்காலம் இதே மனிதர் பெரியப்பாவிடம் என்ன சொல்கிறார்? “அதுக்குள்ள என்ன பெரியப்பா அவசரம், இன்னும் நாலு நாள் இருந்துட்டுப் போங்க.”

இந்த வாக்கியத்தை நிறுத்திப் படிக்க வேண்டும். சொல்கிறவர் மாவு ஆட்டுகிறவர் அல்ல.

இவ்வாய்வின் மையம் மாவு. நாலு பேர் உள்ள வீட்டில் நாலு டம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து, கொஞ்சம் வெந்தயம் போட்டு ஆட்டினால் மூன்று வேளைக்கு வரும். பெரியப்பாவும் பெரியம்மாவும் சேர்ந்தால் இரண்டாவது வேளையிலேயே கரண்டி பாத்திரத்தின் அடியில் உரசும். அடுத்த மாவு நினைத்தவுடன் கிடைக்காது. அரிசியும் உளுந்தும் நாலு மணி நேரம் ஊற வேண்டும், கிரைண்டரில் ஆட வேண்டும், ராத்திரி முழுக்கப் புளிக்க வேண்டும். ஆகவே வீட்டில் ஒருவருக்கு மட்டும், ஒரு நாள் முன்னதாகவே, நாளைக்கு எத்தனை பேர் என்று தெரிந்தாக வேண்டியிருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அரிசி டின்னுக்கு முன்னால் டம்ளரும் கையுமாக அவர் நிற்கும் அந்த இரண்டு நிமிடத்தை எந்த இலக்கியமும் பதிவு செய்யவில்லை. ஹாலில் பெரியப்பா மின்விசிறிக்கு நேர் கீழே அரைத் தூக்கத்தில். “மாமா, நாளைக்கு இருப்பீங்களா?” என்று மருமகள் கேட்க முடியாது, கேட்டால் ஊருக்கே தெரியும். வீட்டுக்காரருக்குப் போன் போகிறது. அவர் தணிந்த குரலில், “அதை எப்படிக் கேக்குறது?” என்கிறார். டம்ளர் டின்னுக்குள் இறங்குகிறது. ஊறப்போட்டால் அன்று இரவே கிளம்பிவிடுவார்கள், ஊறப்போடாவிட்டால் தங்கிவிடுவார்கள் என்பது இத்துறையில் இதுவரை நிறுவப்பட்ட ஒரே விதி.

வாயால் கேட்க முடியாததைத் தட்டால் கேட்கும் முறை ஒன்று வழக்கில் உண்டு. அதைச் சட்னிச் சுட்டெண் எனலாம். முதல் நாள் இட்லி, வடை, சாம்பாரோடு தேங்காய்ச் சட்னி, தக்காளிச் சட்னி, மல்லிச் சட்னி என்று மூன்று. இரண்டாம் நாள் வடை மறைகிறது, சட்னி இரண்டு. மூன்றாம் நாள் ஒன்று. நான்காம் நாள் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும். ஐந்தாம் நாள் ரவை உப்புமா. வீட்டுக்காரர்களின் அறிவுலகில் உப்புமா என்பது முறையான அறிவிப்பு. அதற்கு மேல் எழுதிக் காட்டத்தான் வேண்டும். ஆனால் அனுப்பியவர் நினைத்தபடியே பெற்றவரும் படிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெரியப்பா உப்புமாவை மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, “இதுவே போதும் தாயி. தினம் எதுக்கு வடையும் சட்னியும்னு சிரமப்படுத? நாங்க என்ன விருந்தாளியா? நாளைக்கும் இதையே கிண்டிரு” என்கிறார். மனசாரத்தான் சொல்கிறார். சுட்டெண் அத்தோடு செத்துப்போகிறது. உப்புமாவுக்குக் கீழே வேறு டிபன் இல்லை.

உணவில் இன்னோர் எல்லை, எடுத்து வைத்தது. பிரிட்ஜில் தட்டு போட்டு மூடியிருக்கும் சிறிய கிண்ணம், பெயர் எழுதாவிட்டாலும் ஒருவர் பெயரில் இருக்கிறது. ட்யூஷனிலிருந்து வரும் பிள்ளைக்கு, அல்லது ராத்திரி ஷிப்ட் முடிந்து வருகிறவருக்கு. இதைத் தொடுவதால் விளையும் கேட்டுக்குக் காரைக்காலே சாட்சி. பரமதத்தன் கடையிலிருந்து இரண்டு மாம்பழம் வீட்டுக்கு அனுப்பினான். பசியோடு ஒரு சிவனடியார் வந்தார். கறி இன்னும் ஆகவில்லை. புனிதவதியார் ஒரு பழத்தை வைத்துச் சோறிட்டார். பிறகு வந்த கணவன் ஒரு பழத்தைத் தின்றுவிட்டு, ருசியாக இருக்கிறது, இன்னொன்றையும் வை என்றான். இறைவன் அருளால் இன்னொரு பழம் வந்தது. அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்ததும் அவன் மிரண்டுபோய்க் கப்பலேறிவிட்டான். நமக்குக் காரைக்கால் அம்மையார் கிடைத்தார். இன்றும் அங்கே ஆனி மாதத்தில் மாங்கனித் திருவிழா நடக்கிறது. ஒரு பழம் குறைந்ததில் ஒரு குடும்பம் கலைந்து ஒரு மகான் கிடைத்தார் என்றால் சரிதான். மற்ற வீடுகளில் இதன் முதல் பாதி மட்டுமே நடக்கிறது.

தண்ணீர், மின்சாரம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நகரத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது குடிநீர்த் திட்டங்களில் போடும் கணக்கு. ஊரில் வாய்க்காலிலும் பம்புசெட்டிலும் குளித்து வளர்ந்தவர் அதை ஒரே குளியலில் முடித்துக்கொள்வதில் வியப்பில்லை. லாரித் தண்ணீருக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்கும் அபார்ட்மெண்ட் செயலாளருக்குத்தான் வியப்பு. மின்சாரத்தில் சூட்சுமம் அதிகம். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் மொத்தம் 500ஐத் தாண்டிவிட்டால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, அதற்கு முன் எரித்த யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கும் விலை ஏறிவிடும். கணக்கெடுப்பவர் வரும் வாரத்தில் 480இல் தத்தளிக்கும் மீட்டருக்கு, “என்னப்பா இது, புழுங்குது” என்று சொல்லி ஏசியைப் பதினெட்டில் வைக்கும் ஒரு கை போதும். 2020 ஜனவரி முதல் ஸ்டார் குறியிட்ட ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதி வந்தது. விதி இயந்திரத்துக்கு, ரிமோட் பெரியப்பாவிடம்.

இதுவரை சொன்னதில் ஒரு பக்கச் சாய்வு இருப்பதாக வாசகர் நினைக்கலாம். நியாயம். விருந்தாளியின் துயரமும் இலக்கியம் காணாதது. ஊரில் நாலரைக்கு எழுந்து, ஐந்து மணிக்கு முதல் காபியைக் குடித்து, டீக்கடை வரை நடந்து பேப்பர் பார்க்கிறவர் அவர். இங்கே நாலரைக்கு விழிப்பு வந்துவிடுகிறது. வீடு ஆறரைக்குத்தான் எழும். ஹால் தரையில் பேரன் கைகாலைப் பரப்பிக்கொண்டு தூங்குகிறான், அவனைத் தாண்டித்தான் எங்கேயும் போக வேண்டும். ஆறு சுவிட்சில் எது விளக்கு, எது விசிறி என்று தெரியவில்லை. தாழ்ப்பாளைத் திறந்தால் சத்தம் வரும், தண்ணீர் விட்டால் சத்தம் வரும். இருட்டில் சோபா ஓரத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். இரண்டாவது காபி கேட்கக் கூச்சம். “எப்பவோ போயிருப்போம், இந்தப் பய விட மாட்டேங்கான்” என்று பெரியம்மாவிடம் முணுமுணுக்கிறார். அவர் சொல்வது பொய்யல்ல. இன்னும் நாலு நாள் இருங்கள் என்று தினமும் சொல்லிக்கொண்டிருப்பது இந்தப் பயதான். ஆக, கிளம்பும் தேதியை இரண்டு தரப்பும் தேடுகிறது. அதை முதலில் சொல்லும் பழி மட்டும் யாருக்கும் வேண்டாம். அதனால்தான் தேதியைச் சொல்லும் பொறுப்பு சுவரில் தொங்கும் காலண்டருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

சென்னையிலிருந்து நெல்லை தெற்கு. வியாழக்கிழமை தெற்கே சூலம், ஆகாது. செவ்வாயோ வெறுவாயோ என்பார்கள், ஆகாது. வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து மகாலட்சுமியை அனுப்பக் கூடாது. பெரியம்மா போகாமல் பெரியப்பா எப்படிப் போவார்? ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு ராகுகாலம், ராத்திரி ரயிலுக்கு வீட்டை விட்டு இறங்கும் நேரமும் அதுவே. தவிர அன்று கறிக்குழம்பு. மிஞ்சுவது திங்கள், புதன், சனி. இவற்றில் அஷ்டமி, நவமி, கரிநாள், பெரியப்பாவின் சந்திராஷ்டமம் ஆகியவற்றைக் கழிக்க வேண்டும். மிஞ்சும் நாளுக்கு டிக்கெட் இருக்காது. குளிகையில் கிளம்பலாமே என்று சில இளைஞர்கள் யோசனை சொல்கிறார்கள். ஆபத்தான யோசனை. குளிகையில் செய்த காரியம் திரும்பவும் நடக்கும் என்பது நம்பிக்கை. குளிகையில் கிளம்பியவர் இன்னொரு முறை கிளம்ப வேண்டியிருக்கும். அதற்கு அவர் இன்னொரு முறை வந்தாக வேண்டும். இதே காலண்டர் பெரியப்பாவின் ஊர்ச் சுவரிலும் தொங்குகிறது. செவ்வாயும் புதனும் வடக்கே சூலம் என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அங்கிருந்து புறப்படும்போது மட்டும் அது குறுக்கே விழுந்ததாகத் தகவல் இல்லை.

ஆனால் காலண்டர் கதவை முழுவதும் சாத்திவிடவில்லை. சூலத்துக்குப் பரிகாரம் உண்டு. ஞாயிறு, வெள்ளிக்கு வெல்லம், திங்கள், சனிக்குத் தயிர், செவ்வாய், புதனுக்குப் பால், வியாழனுக்குத் தைலம். இந்தப் பட்டியலை உற்றுப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். பரிகாரம் என்றால் திருநள்ளாறு போ, எள் விளக்கேற்று, ஒரு மண்டலம் விரதம் இரு என்று அலைக்கழிப்பதுதான் வழக்கம். இதில் மட்டும் எல்லாமே அடுக்களையில் எந்நேரமும் கைக்கெட்டும் பொருள்கள். தைலம் ஒன்றுதான் வெளிப்பொருள். அதற்கும் கவலையில்லை, பெரியப்பா பையிலேயே கோடாலித் தைலம் இருக்கும். இதைத் தொகுத்தவர் சோதிடர் அல்ல, அரிசி டின்னுக்கு முன்னால் டம்ளரோடு நின்ற யாரோ ஒருவர் என்பதே என் துணிபு. “வியாழக்கிழமைதானே மாமா? சூலத்துக்குத் தைலத்தைத் தொட்டுக்கிட்டுக் கிளம்பலாம்னு எங்க பாட்டி சொல்லுவாங்க” என்று மருமகள் வெகு பணிவாகச் சொல்லும்போது, சாத்திரம், மரியாதை, மாவு மூன்றும் ஒரே வாக்கியத்தில் காப்பாற்றப்படுகின்றன.

வழியனுப்பலுக்கு நல்ல முன்னுதாரணம் பொருநராற்றுப்படையில் இருக்கிறது. கரிகாலன் அரண்மனையில் பொருநன் இரவும் பகலும் கறி தின்கிறான். தின்று தின்று, நிலத்தை உழுத கொழுவைப்போல் அவன் பல் மழுங்கிவிட்டதாக முடத்தாமக்கண்ணியார் பாடுகிறார். மூச்சுவிட இடமில்லாமல் உணவே வெறுத்தபின், ஊருக்குப் போகிறேன் என்று பொருநனே வாய்விட்டுச் சொல்கிறான். தமிழில் ஒரு விருந்தாளி தானாகக் கிளம்புகிறேன் என்று சொன்னதற்கு இவ்வளவு தெளிவான சான்று வேறு இருக்குமா என்பது சந்தேகம். அதற்குப் பல் மழுங்க வேண்டியிருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. அரசன் உடனே, அதற்குள் போகிறாயா என்று மனம் வருந்துகிறான். பிறகு நான்கு வெண்குதிரை பூட்டிய தேரைக் கொடுத்து, அதன்பின் ஏழடி நடந்துவந்து அனுப்பிவைக்கிறான். மறுப்பு, பிரயாணச் செலவு, பின்னால் கொஞ்சம் நடை; முறை இன்றுவரை மாறவில்லை. தேருக்குப் பதில் ஆட்டோ. ஏழடி என்பது ஃபிளாட்டில் வாசலிலிருந்து லிப்ட் வரை. லிப்ட் கதவு மூடப்போகும்போது பெரியம்மாவுக்கு ஒன்றுவிட்ட மைத்துனர் மகளின் ஜாதகம் ஞாபகம் வரும். அந்தப் பேச்சு முடியும் வரை கதவை ஒருவர் காலால் தடுத்து நிற்க வேண்டும். கரிகாலனுக்கு இல்லாத சிரமம் இது.

விருந்தாளியால் வீட்டுக்கு நன்மையே இல்லையா என்றால், ஒன்று உண்டு. கணவன் மனைவி ஊடலைத் தீர்க்கும் வாயில்கள் என்று தொல்காப்பியம் கற்பியலில் பன்னிரண்டு பேரைச் சொல்கிறது. அதில் விருந்தினரும் ஒருவர். வெளியாள் முன்னால் சண்டை போட முடியாது என்பதால், தப்புச் செய்துவிட்டு வரும் தலைவன் கூடவே ஒரு விருந்தாளியையும் கூட்டிக்கொண்டு வருவான். பெரியப்பா இருந்த நாளெல்லாம் வீட்டில் ஒரு சத்தம் கிடையாது. “ஏங்க”, “என்னம்மா” என்று வெல்லமாகப் பேசிக்கொள்வார்கள். ஆனால் ஊடல் தீருவதில்லை, தள்ளிப்போகிறது. தள்ளிப்போன நாளுக்கு வட்டியும் சேர்கிறது. ஆட்டோ தெருமுனை திரும்பியதும், “உங்களை யாரு இன்னும் நாலு நாள் இருங்கன்னு சொல்லச் சொன்னது?” என்று முதல் கேள்வி வரும். இதற்கு இதுவரை எந்த வீட்டிலும் விடை கிடைத்ததில்லை.

ஆய்வின் முடிவு ஒன்றுதான். இன்னும் நாலு நாள் இருங்கள் என்று சொல்லும் உரிமை, யார் அரிசி ஊறப்போடுகிறாரோ அவருக்கு மட்டும் உரியது. மற்றவர்கள் சொன்னால் செல்லாது. வீட்டுக்காரர் சொன்னால் அறவே செல்லாது. அவருக்கு அந்த உரிமை வேண்டுமென்றால் டம்ளரை அவர் கையில் எடுக்கட்டும். விருந்தாளிகளுக்கும் இதில் வசதி இருக்கிறது. வந்திறங்கியதும் அடுக்களைக்குள் போகத்தான் போகிறீர்கள். மூடியைத் திறந்து பார்ப்பதற்குப் பதில், “புதன்கிழமை ராத்திரி வண்டி தாயி, அதுவரைக்கும் மாவு போட்டாப் போதும்” என்று சொல்லிவிட்டால், மூன்று சட்னியும் கடைசி நாள் வரை தட்டில் இருக்கும்.

இத்துறையில் செய்ய வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது. குறிப்பாகச் சம்பந்தி இயலுக்குத் தரவுகள் தேவை. வைத்திருப்பவர்கள் தபாலில் அனுப்பலாம். நேரில் கொண்டுவந்துதான் தருவேன் என்பவர்கள் திரும்பும் டிக்கெட்டின் பி.என்.ஆர். எண்ணை முன்கூட்டியே அனுப்பிவிடவும். வெயிட்டிங் லிஸ்ட் ஏற்கப்பட மாட்டாது.